பழைய மரப்பெட்டியும் கிறிஸ்துமஸ் தொங்கல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் பரண்மேல் கிடக்கும் பெட்டிகள் கீழே இறங்கும். கூடவே கேள்விகளும் இறங்கும். எங்கள் குடும்பப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காலத்தில் சீட்டு எழுதி வைத்தேன். அதிலிருந்து உறவுக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள், அந்த நண்பர்களின் மாமியார்கள் வரை ஒரே மாதிரிச் சந்தேகங்களோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மரத்தில் தொங்கவிடும் அலங்காரப் பொருள் எதுவானாலும் இங்கே அதற்குப் பெயர் 'தொங்கல்'.

எத்தனை வருஷம் ஆனா ஒரு பொருள் ஆன்டிக்?

பொதுவான கணக்கு 100 ஆண்டு. அமெரிக்கச் சுங்கச் சட்டமும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. அதற்கு இளையதை விண்டேஜ் என்பார்கள். இந்தக் கணக்கில் 1890இல் செய்த பெட்டி ஆன்டிக், 1950இல் வாங்கிய கண்ணாடி உருண்டை விண்டேஜ்.

விற்பவருக்கு இந்தப் பிரிவினை முக்கியம். வீட்டில் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு அவ்வளவு இல்லை. யார் வாங்கினார், எதற்கு வாங்கினார் என்று தெரிந்த 40 வருடப் பொருளிலிருந்து, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத 140 வருடப் பொருளைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

பெட்டி வெறும் பெட்டிதானே? அதுல என்ன வரலாறு இருக்கு?

அலமாரியும் பீரோவும் வருவதற்கு முன் ஐரோப்பிய வீடுகளில் இருந்த முக்கியமான சாமான் பெட்டிதான். துணி, தானியம், பத்திரம், பணம் எல்லாம் அதற்குள். மூடிவிட்டால் அதுவே உட்காரும் பலகை, அதுவே மேசை. தீ பிடித்தாலோ ஊரைவிட்டுப் போக நேர்ந்தாலோ இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடலாம். பக்கவாட்டில் கைப்பிடி இருப்பது அதற்குத்தான்.

அடியில் கிடக்கும் பொருளை எடுக்க மேலே உள்ளதையெல்லாம் வெளியே வாரிப் போட வேண்டும் என்பதுதான் பெட்டியின் தொல்லை. அதைத் தீர்க்கப் பெட்டியின் கீழே ஓர் இழுப்பறை வைத்தார்கள். பிறகு இரண்டு, மூன்று. 17ஆம் நூற்றாண்டில் முழுவதும் இழுப்பறையாகவே ஆன சாமான் பெருகியது. மேலே மூடியும் கீழே ஒன்றிரண்டு இழுப்பறையும் உள்ள பெட்டி உங்களிடம் இருந்தால், அந்த மாற்றத்தின் நடுப்படி உங்கள் வீட்டில் இருக்கிறது.

முன்பக்கம் ஒரு பெண் பேரும் வருஷமும் எழுதியிருக்கு. கல்யாண வருஷமா?

இருக்கலாம். ஆனால் உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் துலிப் பூ, பறவை, நட்சத்திரம் என்று வண்ணம் தீட்டிய பெட்டிகளை 18ஆம் நூற்றாண்டிலிருந்து செய்தார்கள். அவை பெரும்பாலும் பிள்ளைகள் பதின்வயதை எட்டும்போது கொடுக்கப்பட்டவை. பையன்களுக்கும் கொடுத்தார்கள். ஆகவே பெயர் பெண்ணின் திருமணத்துக்கு முந்தைய பெயராகவும், வருடம் பெட்டி கைக்கு வந்த வருடமாகவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இத்தாலியில் கதை வேறு. 15ஆம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸில் 'கஸ்ஸோனே' என்னும் மணப்பெட்டியைத் தெரு வழியே ஊர்வலமாக மணமகன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஊர் பார்க்க வேண்டும் என்பதால் முன்பலகையில் நல்ல ஓவியர்களை வைத்து வரைந்தார்கள். பிற்காலத்தில் அந்த முன்பலகைகளை மட்டும் அறுத்தெடுத்துச் சட்டம் போட்டு ஓவியமாக விற்றுவிட்டார்கள். இன்று அருங்காட்சியகச் சுவர்களில் நீளவாக்கில் தொங்கும் சில ஓவியங்கள் ஒரு காலத்தில் பெட்டியின் முகப்பு.

பெட்டி எவ்வளவு பழசுன்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முகப்பைப் பார்க்காதீர்கள். கவிழ்த்துப் போட்டு அடிப்பலகையையும் பின்பலகையையும் பாருங்கள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தச்சர் நினைத்த இடத்தில்தான் உண்மை இருக்கும். முதலில் ஆணி. கொல்லர் அடித்த ஆணியின் தலை ஒழுங்கில்லாமல் நாலைந்து முகமாக இருக்கும். 1790களுக்குப் பிறகு இரும்புத் தகட்டிலிருந்து இயந்திரத்தில் வெட்டிய ஆணி பரவியது. அதன் தண்டு சதுரமாக, ஒரு பக்கம் சரிந்து குறுகும். இன்று கடையில் கிடைக்கும் உருண்டைக் கம்பி ஆணி 1890 வாக்கில்தான் பெருவழக்கானது. திருகாணியானால் கழற்றி நுனியைப் பாருங்கள். மொட்டையாக இருந்தால் 1840களுக்கு முந்தியதாக இருக்கலாம். கூர் நுனி அதற்குப் பிறகு வந்தது.

அடுத்து மூலை மூட்டு. புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். பற்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறி, ஓரத்தில் தச்சர் கீறிய மெல்லிய கோடு தெரிந்தால் கைவேலை. எல்லாம் அச்சு வார்த்ததுபோல் இருந்தால் இயந்திரம். இரண்டிலும் சேராமல், அரைவட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்ததுபோல் மூட்டு இருந்தால் அதிர்ஷ்டம்தான். அமெரிக்காவில் சுமார் 1870 முதல் 1900 வரை மட்டுமே புழங்கிய இயந்திர மூட்டு அது. ரம்பத் தடத்தையும் விடாதீர்கள். நேர்க்கோடாக இருந்தால் மேலும்கீழும் ஓடிய ரம்பம். வில்போல் வளைந்திருந்தால் வட்ட ரம்பம், அதாவது 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் கால்பகுதி அல்லது அதற்குப் பின்.

இதில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். கீல் உடைந்து மாற்றியிருப்பார்கள், அடிப்பலகை உளுத்துப்போய் புதிது போட்டிருப்பார்கள். பழைய கீலின் நிழலும் அடைபட்ட ஆணித்துளையும் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழுது பார்த்த தடமும் வரலாறுதான். நான் அதையும் சீட்டில் எழுதுவேன்.

மூடி ஏன் வளைவா இருக்கு? மேல ஒண்ணும் வைக்க முடியலையே?

பயணப் பெட்டி அது. வளைந்த மூடியில் மழைநீர் தங்காமல் வழிந்துவிடும். மேலே வேறு பெட்டியை அடுக்க முடியாததால் நம் பெட்டி எப்போதும் உச்சியிலேயே போகும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எல்லோரும் அப்படியே நினைத்தால் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றும். கேட்டவர்தான் லூயி வுயித்தோன் என்று வைத்துக்கொள்ளலாம். 1858இல் பாரிஸில் தட்டையான மூடியோடு பயணப் பெட்டியைக் கொண்டுவந்தார். ரயிலிலும் கப்பலிலும் அடுக்க வசதியாக இருந்ததால் அந்த வடிவம் நிலைத்தது.

பெட்டிக்குள்ள ஒரு ஓரத்துல சின்ன அறை இருக்கே, அது எதுக்கு?

மெழுகுவத்தி, சாவி, மோதிரம், கடிதம் போன்ற சில்லறைச் சாமான்கள் துணிக்கடியில் தொலைந்துபோகாமல் இருக்க. அதன் மூடியைத் திறந்து நிறுத்தினால் பெட்டியின் பெரிய மூடிக்கு முட்டுக்கொடுக்கவும் சில பெட்டிகளில் உதவும். சிலவற்றில் இந்தச் சிற்றறையின் முன்பலகை மேலே உருவி வரும். அதன் பின்னால் ரகசிய இழுப்பறை ஒளிந்திருக்கும். மெதுவாக அசைத்துப் பாருங்கள். நெம்பாதீர்கள்.

எங்களுடையது சீடார்னு ஒரு வாசனை மரத்துப் பெட்டி. அடியில ஒரு நம்பர் அச்சிட்டிருக்கு. அது என்ன?

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து லேன் நிறுவனத்தின் பெட்டியாக இருந்தால் அது வரிசை எண். பின்னாலிருந்து படித்தால் செய்த தேதி கிடைத்துவிடும். 247050 என்று இருந்தால் திருப்பிப் போடுங்கள்: 050742. மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் 1942 மே 7. இதே நிறுவனம் பள்ளிப் படிப்பை முடிக்கும் பெண்களுக்கு உள்ளங்கையில் ஏந்தும் அளவில் குட்டிச் சீடார் பெட்டி ஒன்றை விளம்பரத்துக்காகக் கொடுத்தது. கடிதங்களும் பழைய நாணயங்களும் பல வீடுகளில் அதற்குள்தான் கிடக்கும்.

எண்ணைப் பார்த்த கையோடு பூட்டையும் பாருங்கள். 1912 முதல் 1987 வரை செய்த லேன் பெட்டிகளில் மூடியை இறக்கினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு இருந்தது. உள்ளேயிருந்து திறக்க வழியில்லை. ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்திருக்கிறார்கள். 1996இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் பெட்டிகளின் பூட்டுகளை மாற்ற அறிவிப்பு வந்தது. கைமாறிக் கைமாறிப் போன பெட்டிகளில் பழைய பூட்டு இன்னும் இருக்கலாம். எந்த நிறுவனத்துப் பெட்டியானாலும் தானாகப் பூட்டிக்கொண்டால் இன்றே கழற்றுங்கள். பூட்டு போனால் மதிப்பு குறையுமே என்று ஒருவர் கேட்டார். கழற்றிய பூட்டை உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், தீர்ந்தது.

சீடார் வாசனைக்குப் பூச்சி வராதாமே? வாசனை போயிடுச்சு, என்ன செய்ய?

பாதி உண்மை. அமெரிக்கச் சீடார் பெட்டிகளுக்குப் பயன்பட்ட மரம் உண்மையில் ஜூனிபர் இனத்தைச் சேர்ந்தது. அதன் எண்ணெய் ஆவி அந்துப்பூச்சியின் மிகச் சிறிய புழுக்களைப் பாதிக்கும். வளர்ந்த புழுவையோ முட்டையையோ அதிகம் ஒன்றும் செய்யாது. சில வருடங்களில் எண்ணெயும் வற்றிவிடும். கம்பளித்துணி பிழைத்திருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், சுத்தமாகத் துவைத்து வைத்ததும் மூடி இறுக்கமாக இருந்ததும்தான்.

வாசனை வேண்டுமென்றால் உட்புறத்தை மென்மையான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும், புது மரப்பரப்பு வெளிவரும். உள்ளே வார்னிஷ் அடிக்காதீர்கள். மரத்தின் எண்ணெய் வார்னிஷைப் பிசுபிசுக்க வைத்து, மேலே வைத்த துணியோடு ஒட்டிவிடும்.

பெட்டியைச் சுரண்டி, பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கலாமா?

கேட்கிறவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே உப்புத்தாள் வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள். பழைய வண்ணத்தையும் மெருகையும் சுரண்டிவிட்டால் மேலே சொன்ன ரம்பத் தடம், தச்சரின் கீறல், கீலின் நிழல் எல்லாம் சேர்ந்து போய்விடும். விற்பனை மதிப்பும் பெரும்பாலும் விழும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, தேவைப்பட்டால் கொஞ்சம் மெழுகு பூசுங்கள். மேல்மூடியில் நெடுக ஒரு விரிசல் இருந்தால் பதற வேண்டாம். பலகை அகலவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் சுருங்காது. குறுக்கே அடித்த கட்டை அதை விடாமல் பிடித்துக்கொள்வதால் வெடிக்கிறது. மக்குப் போட்டு அடைத்தால் மழைக்காலத்தில் மரம் ஊதி வேறிடத்தில் வெடிக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அடியில் மாவுபோலத் தூள் புதிதாகக் கொட்டிக்கொண்டிருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. அந்தப் பெட்டியை மற்ற மரச்சாமான்களிலிருந்து ஒதுக்கிவைத்து, விவரம் தெரிந்தவரை அழையுங்கள்.

சரி, கிறிஸ்துமஸ் தொங்கல் எப்போ, எங்கே ஆரம்பிச்சது?

மரத்தில் முதலில் தொங்கியவை ஆப்பிள், கொட்டைகள், பிஸ்கட், காகிதப் பூக்கள். தின்னக்கூடியதைத்தான் தொங்கவிட்டார்கள். கண்ணாடித் தொங்கலின் ஊர் ஜெர்மனியின் தூரிங்கியா மலைப்பகுதியில் உள்ள லவுஷா. அங்கே கண்ணாடிப் பட்டறை 1597இலேயே வந்துவிட்டது. மணிகளும் பொம்மைக்கான கண்களும் ஊதிக்கொண்டிருந்தவர்கள் 1840களின் பிற்பாதியில் மரத்துக்கான உருண்டைகளை ஊதத் தொடங்கினார்கள். 1867இல் ஊருக்கு எரிவாயு வந்தது. சுடரைச் சீராக வைத்திருக்க முடிந்ததால் மெல்லிய, பெரிய உருண்டைகளும், அச்சில் ஊதிய பழம், பறவை, வீடு போன்ற வடிவங்களும் பெருகின.

அது வீட்டுத்தொழில். அப்பா ஊதுவார். அம்மா சில்வர் நைட்ரேட் கரைசலை உருண்டைக்குள் விட்டுக் குலுக்கி உட்சுவரில் வெள்ளி படிய வைப்பார். ஆணிகள் அடித்த பலகையில் கவிழ்த்து உலர்த்துவார்கள். பிள்ளைகள் உருண்டையின் கழுத்தை அறுத்து மூடி மாட்டுவார்கள், வண்ணம் தீட்டுவார்கள். உங்கள் கையில் உள்ள பறவையின் ஒரு கண் சற்றே கோணலாக இருந்தால், அதைத் தீட்டிய கைக்கு எட்டு வயதுகூட இருந்திருக்கலாம்.

ஜெர்மனியில செஞ்சது உலகம் முழுக்க எப்படிப் போச்சு?

விக்டோரியா அரசி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது. 1850இல் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை ஒன்று அதே படத்தில் அரசியின் கிரீடத்தையும் அவர் கணவர் ஆல்பர்ட்டின் மீசையையும் அழித்துவிட்டு, சாதாரண அமெரிக்கக் குடும்பம்போல் வெளியிட்டது. வீட்டுக்கு வீடு மரம் பரவியதற்கு இந்த இரண்டு படங்களும் பெரிய காரணம்.

தொங்கலைக் கடைச்சரக்காக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க வியாபாரி ஃபிராங்க் ஊல்வொர்த். 1880இல் இறக்குமதியாளர் ஒருவர் வற்புறுத்தியதால் மனமில்லாமல் 25 டாலருக்குக் கண்ணாடித் தொங்கல் எடுத்தாராம். இரண்டே நாளில் தீர்ந்துபோனது. பிறகு அவரே லவுஷாவுக்குப் போய்க் கொள்முதல் செய்தார்.

ஏழைக் கண்ணாடிக்காரர் ஆப்பிள் வாங்கக் காசில்லாம கண்ணாடியில ஊதினார்னு சொல்றாங்களே, நிஜமா?

லவுஷாவில் வழிவழியாகச் சொல்லும் கதை. ஆதாரம் கிடையாது, ஆனால் பொருத்தமான கதை. ஆரம்ப காலத் தொங்கல்களில் பழமும் கொட்டையும் அதிகம் இருப்பது அதோடு ஒத்துப்போகிறது.

இதோடு வரும் இன்னொரு கேள்வி கண்ணாடி வெள்ளரிக்காய் ஊறுகாய். மரத்தில் அதை ஒளித்துவைத்து, முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குக் கூடுதல் பரிசு கொடுப்பது 'பழைய ஜெர்மன் வழக்கம்' என்று அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். ஜெர்மானியர்கள் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. அமெரிக்காவில் வளர்ந்த கதை அது.

ஒரு உருண்டை மட்டும் கல்லு மாதிரி கனமா இருக்கு. ஏன்?

'கூகெல்' ஆக இருக்கலாம். தடித்த கண்ணாடி, உள்ளே வெள்ளிப்பூச்சு, மேலே பூவேலைப்பாடு உள்ள பித்தளைத் தொப்பி. உருண்டையாகவும் திராட்சைக் குலையாகவும் ஊதினார்கள். பெரியவற்றை மரத்தில் அல்ல, உத்தரத்திலிருந்தும் சன்னலோரத்திலும் தொங்கவிட்டார்கள். மெல்லிய கிளை தாங்காது. நிஜமான கூகெலில் கண்ணாடிக் கழுத்து உருண்டையோடு சமமாக வெட்டப்பட்டு, தொப்பி துளையை மூடியபடி உட்கார்ந்திருக்கும். இப்போது செய்யும் நகல்களில் பெரும்பாலும் கழுத்து நீட்டிக்கொண்டிருக்கும்.

தொங்கலோட வயசை எதை வச்சுச் சொல்றது?

தொப்பியை வைத்து. கழற்ற வேண்டாம், பூதக்கண்ணாடியில் அப்படியே படியுங்கள். 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதனால் நாடுகளின் தலையெழுத்து மாறமாறத் தொப்பி எழுத்தும் மாறியது. செக்கோஸ்லோவாக்கியா என்றால் 1918க்குப் பிறகு. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்றால் 1945 முதல் 1952 வரை. மேற்கு ஜெர்மனி என்றால் 1949 முதல் 1990 வரை. லவுஷா கிழக்கு ஜெர்மனிக்குள் மாட்டிக்கொண்டதால், எல்லை தாண்டி வந்த கண்ணாடிக்காரர்கள் மேற்கே புதிதாகப் பட்டறை போட்டார்கள். அந்தத் தொப்பி வார்த்தைக்குப் பின்னால் அப்படி ஓர் இடப்பெயர்வு.

எனக்குப் பிடித்தது இரண்டாம் உலகப்போர்த் தொங்கல். மாக்ஸ் எக்கார்ட் என்ற இறக்குமதியாளர் போர் வந்தால் ஜெர்மன் சரக்கு நின்றுவிடும் என்று முன்பே கணித்து, 1937இல் அமெரிக்காவில் ஷைனி பிரைட் நிறுவனத்தைத் தொடங்கினார். மின்விளக்குக் கூடுகளை ஊதிக்கொண்டிருந்த கார்னிங் கண்ணாடி நிறுவனத்தின் இயந்திரம் 1939இலிருந்து தொங்கலும் ஊதியது. அடுத்த ஆண்டில் நாளொன்றுக்கு சுமார் 3 லட்சம். அப்புறம் போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு. உள்ளே வெள்ளிப்பூச்சு போய், வெறும் கண்ணாடிமேல் மெல்லிய வண்ணக்கோடுகள் வந்தன. சிலவற்றில் ஒரு துண்டு ஜிகினா மட்டும் உள்ளே. உலோகத் தொப்பிக்குப் பதில் அட்டைத் தொப்பி. மரத்தில் இதுதான் மங்கலாகத் தெரியும், பலர் முதலில் தூக்கிப் போடுவதும் இதைத்தான்.

எச்சரிக்கை: ஷைனி பிரைட் பெயரில் பிற்காலத்தில் மறுபதிப்புத் தொங்கல்கள் வந்திருக்கின்றன. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டும்போது தொப்பிகள் இடம் மாறுவதும் சகஜம். பெட்டியின் மூட்டுக்கும் ஆணிக்கும் சொன்னதே இங்கும்: ஒரே சாட்சியை நம்பாதீர்கள்.

கண்ணாடி இல்லாம அட்டையிலயும் பஞ்சிலயும் இருக்கே, அதுக்கு மதிப்பு உண்டா?

உண்டு, சில சமயம் கண்ணாடியைவிட அதிகம். தங்க வெள்ளித்தாள் ஒட்டி, இருபுறமும் புடைப்பாக அச்சழுத்திய அட்டைத் தொங்கல்களுக்கு 'டிரெஸ்டன்' என்று பெயர். சுமார் 1880 முதல் முதல் உலகப்போர் வரை செய்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கப்பல், ஒட்டகம், மீன். உலோகம் என்று நினைத்துத் தூக்கினால் எடையே இருக்காது. அட்டையும் பஞ்சும் ஈரத்தில் கெடும், இராமபாணப் பூச்சிக்கும் பிடிக்கும். தப்பிப் பிழைத்தவை குறைவு என்பதால்தான் விலை.

வருஷம் போட்ட ஹால்மார்க் தொங்கல் 30 வருஷமாச் சேர்த்து வச்சிருக்கேன். நல்ல விலைக்குப் போகுமா?

பெரும்பாலும் போகாது. அமெரிக்க வாழ்த்து அட்டை நிறுவனமான ஹால்மார்க் 1973இல் 18 தொங்கல்களோடு இந்த வரிசையைத் தொடங்கியது: ஆறு கண்ணாடி உருண்டை, பன்னிரண்டு நூல் பொம்மை. அந்தந்த வருடம் மட்டும் விற்பனை என்பது புதுமையாக இருந்தது. பிறகு எல்லோரும் சேகரிக்கத் தொடங்கினார்கள், எல்லோரும் பெட்டியோடு பத்திரப்படுத்தினார்கள். எல்லோரிடமும் இருக்கும் பொருளை யார் வாங்குவது? ஆரம்ப வருடங்களும், தொடர் வரிசையின் முதல் உருப்படியும் மட்டும் கொஞ்சம் தேறும். அட்டைப்பெட்டி அவசியம். வெள்ளை மாளிகை வரலாற்றுச் சங்கம் 1981 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் தொங்கலுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு.

ஆனால் வீட்டுக்கணக்கில் இவை தங்கம். வருடம் அதிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த வருடம் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதி உள்ளே போட்டால் 30 வருட நாட்குறிப்பு கையில்.

தூசி படிஞ்சிருக்கு. ஈரத்துணியால துடைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பழைய தொங்கலின் வண்ணம் கண்ணாடிக்குள் சுட்டது அல்ல, மேலே தீட்டியது, தண்ணீரிலேயே கரையக்கூடும். என் அனுபவம்: அத்தையின் கண்ணாடிக் குருவியை ஈரப்பஞ்சால் ஒரே ஒரு தடவை தடவினேன். பஞ்சில் இரண்டு கண்களும் வந்துவிட்டன. குருவி இன்னும் மரத்தில் ஏறுகிறது, குருடாக.

மென்மையான ஓவியத் தூரிகை, உலர்ந்த கை, மடியில் ஒரு துண்டு. இவ்வளவே. உள்ளே வெள்ளி கருத்து உரிந்திருந்தால் அதற்கு வைத்தியம் இல்லை. தொப்பி வழியே ஈரம் போனதால் வந்தது அது.

பெட்டியும் இருக்கு, தொங்கலும் இருக்கு. இதை அதுக்குள்ள வச்சிடலாமே?

எல்லோருக்கும் தோன்றும் யோசனை, அழகாகவும் இருக்கும். ஆனால் மரம் ஆவி விடும். ஓக் மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைத் தூளாக அரிக்கும். பழைய தட்டை உலோகத் தொங்கல்களில் ஈயம் கலந்திருக்கும். சீடார் எண்ணெய் வார்னிஷைப் பிசுபிசுக்க வைக்கும் என்று மேலே சொன்னேன், தொங்கலின் வண்ணத்துக்கும் மெழுகுப் பொம்மைக்கும் அதே ஆபத்து. அந்துருண்டையும் கூடாது.

பெட்டிக்குள் வைத்தே ஆக வேண்டுமென்றால் தொங்கல்களை அமிலமற்ற தாளில் சுற்றி, அமிலமற்ற அட்டைப்பெட்டியில் அறை பிரித்து வைத்து, அதை மரப்பெட்டிக்குள் வையுங்கள். மரத்தில் நேரடியாகப் படக்கூடாது. செய்தித்தாள் மை ஒட்டும். குமிழ்ப் பிளாஸ்டிக் வெயிலில் வண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு வட்டவட்டமாகத் தடம் விடும். கம்பிக் கொக்கியைக் கழற்றிவிடுங்கள், பக்கத்து உருண்டையைக் கீறும். கனமானது அடியில். பரண் வேண்டாம். அங்கே பகலில் கொதித்து இரவில் குளிர்வதால் கண்ணாடி ஒருபக்கம், வண்ணம் ஒருபக்கம் விரிந்து சுருங்கி, செதில்செதிலாக உரியும். படுக்கையறை அலமாரியின் அடித்தட்டு போதும்.

பிள்ளைங்க உப்பு போட்டு மாவு பிசைஞ்சு செஞ்சது, பாஸ்தா ஒட்டினது எல்லாம் என்ன பண்றது?

அது உணவு என்பதை நாம் மறந்தாலும் எலி மறக்காது. தனியாக, இறுக்க மூடும் டப்பாவில் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று கூட. எடுத்து வைக்கும் முன் ஒரு புகைப்படம். மற்ற தொங்கல்களோடு சேர்க்காதீர்கள், பூச்சி வந்தால் பஞ்சுப் பொம்மையும் சேர்ந்து போகும்.

பழசுல ஆபத்தானது ஏதாவது இருக்கா?

இருக்கிறது. கனமாக, வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் பழைய ஜிகினா இழை ஈயமாக இருக்கலாம். அமெரிக்காவில் அதன் விற்பனை 1972இல் நின்றது. குழந்தைகள், பூனை கைபடாத இடத்தில் வையுங்கள். 1930, 40களில் விற்ற செயற்கைப் பனித்தூள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பழைய பனித்தூள் பொட்டலம் கிடைத்தால் உதறாதீர்கள், பிரிக்காதீர்கள்.

மரத்தில் மின்விளக்கை முதலில் போட்டவர் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், 1882இல், நியூயார்க்கில், 80 விளக்குகள். உங்கள் விளக்குச்சரம் அவ்வளவு பழசாக இருக்காது. இருந்தாலும் வயரின் உறை நொறுங்குகிறதென்றால் மின்சாரம் கொடுக்காமல் வெறுமனே தொங்கவிடுங்கள். கிளையில் மெழுகுவத்தியை நிறுத்தும் பழைய கவ்விகளுக்கும் அதே விதி: ஏற்றாமல் வெறுமனே தொங்கவிடுங்கள்.

உடைஞ்சதை எறிஞ்சிடலாமா?

தொப்பியையும் பெரிய துண்டையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வையுங்கள். தொப்பி இன்னொன்றுக்கு உதவும். கிறிஸ்டோபர் ராட்கோ என்ற அமெரிக்கர் வீட்டில் 1980களில் மரம் சரிந்து குடும்பத்துத் தொங்கல்கள் ஆயிரத்துக்கு மேல் நொறுங்கின. ஈடுகட்டப் போலந்தில் கண்ணாடி ஊதுபவர்களைத் தேடிப் போனவர், கடைசியில் தொங்கல் நிறுவனமே தொடங்கிவிட்டார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பசை போட்டு ஒட்டாமல் இருந்தால் போதும்.

அக்கா தங்கச்சி நாலு பேர். பெட்டியும் தொங்கலும் எப்படிப் பிரிக்கிறது?

பெட்டியைப் பிரிக்க முடியாது, தொங்கலைப் பிரிக்கலாம். ஆனால் பிரிக்கும் முன் மரத்தில் எல்லாவற்றையும் கடைசியாக ஒரு தடவை மாட்டிப் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பட்டியல் எழுதி, நாலு பேருக்கும் நாலு நகல். எண்ணைத் தொங்கலில் எழுதாதீர்கள், பருத்தி நூலில் கட்டிய சீட்டில் எழுதுங்கள், பென்சிலால். பேனா மை ஈரத்தில் ஓடும். போர்க்காலத் தொங்கல் ஆறு இருந்தால் அதை மட்டும் ஒருவரிடமே விட்டுவிடச் சொல்வேன். ஆறும் சேர்ந்திருந்தால்தான் அது போர்க்காலம் என்று பார்ப்பவருக்குப் புரியும்.

அம்மா ஒரு கதை சொல்றாங்க, பெரியம்மா வேற கதை சொல்றாங்க. எதை எழுதுறது?

இரண்டையும், யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பதோடு. நீங்கள் நீதிபதியாக உட்காராதீர்கள், பொருளிடமும் கொஞ்சம் கேளுங்கள். 'கொள்ளுப்பாட்டி 1860இல் கொண்டுவந்த பெட்டி' என்ற பேச்சும் அடிப்பலகையில் கம்பி ஆணியும் ஒத்துப்போகாது. ஆனால் அடிப்பலகை மட்டும் மாற்றியதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். '1938 கல்யாணத்துக்கு வந்த உருண்டை' என்கிறார்கள், தொப்பியில் மேற்கு ஜெர்மனி என்று இருக்கிறது. உருண்டை பிந்தியதா, தொப்பி மாறியதா? தெரியாவிட்டால் கேள்விக்குறியோடு எழுதுங்கள்.

எங்கள் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஓர் உறை மாட்டியிருக்கிறேன். அதில் பெட்டி எங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று இரண்டு விதமாக எழுதிய சீட்டு இருந்தது. போன வருடம் திறந்தபோது அடியில் பெரியப்பாவின் கையெழுத்தில் மூன்றாவது ஒன்று சேர்ந்திருந்தது: "இரண்டும் தப்பு. ஏலத்தில் எடுத்தது."